இரண்டு வாசல் வண்டி

1983 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, விளக்கைப் போட சுவிட்சை மேலே தள்ளப் பார்த்தேன். அது ஏற்கெனவே மேலேதான் இருந்தது. கனடாவில் மேலே தள்ளினால் எரியும், சங்கரன்கோவிலில் கீழே. பதினொரு வருஷத்தில் என் விரல் அந்த ஊர்க்காரனாகிவிட்டது. குளித்து, நேற்றைய நாட்குறிப்பை முடித்து, காப்பி குடித்துவிட்டு, அளவு நாடாவோடு கொல்லைப்புறம் போனேன். அடுத்த தெருவில் தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. எட்டடி நீளத்தில், ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் அடங்கும், பலகைமேல் தகரம் அடித்த வீடு இரண்டு சக்கரங்களின் மேல் நின்றது. அன்று அதைத் தெருவில் இறக்க வேண்டிய நாள்.

இதற்கு விதை கனடாவில், நான் இருக்கும் வின்னிபெக்கில் விழுந்தது. பக்கத்து வீட்டு பீட்டர், கோடை வந்தால் படுக்கை வசதியோடு தானே செய்த கேம்ப்பர் டிரெய்லரைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். ஊருக்குப் போனால் எங்கே தங்குவாய் என்று ஒருமுறை கேட்டார். என் வீட்டில் என்றேன். அங்கே யார் இருக்கிறார்கள்? என் தம்பி. அப்படியானால் அது உன் தம்பியின் வீடு, என்றார். இல்லை, என் வீடுதான் என்று நான் விளக்க விளக்க, அவர் வாடகை ஒப்பந்தம் ஏதோ இருப்பதாக நினைத்துக்கொண்டு தலையாட்டினார். அன்று சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் இந்த விடுமுறையில் வந்து இறங்கியபோது, தம்பி கோமதிநாயகமும் அவன் மனைவியும் தங்கள் அறையை எங்களுக்கு ஒழித்துக்கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு கூடத்தில் பாய் விரித்ததைப் பார்த்ததும் பீட்டரின் கேள்வி திரும்ப வந்தது. இரண்டாவது வாரம் இரும்பு வாங்கப் போய்விட்டேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. என் மனைவி செண்பகத்தோடு அங்கே போய், யாருடைய அறையையும் பறிக்காமல் சில நாள் இருந்துவிட்டு வருவது என் திட்டம்.

கோமதிக்கு அது பிடிக்கவில்லை. “வீடு இருக்க, வண்டியில போயா படுக்கப்போறிய? அண்ணனுக்குப் பாய் போட இடமில்லையான்னு நாளைக்கு ஊரு என்னயத்தான கேக்கும்?” என்றான். அதன்பின் கொல்லைப்புறம் அவன் வரவேயில்லை. தெருக்காரர்கள்தான் வந்தார்கள். “என்ன அண்ணாச்சி, ஐஸ் வண்டியா?” என்றார் ஒருவர். “ஏலே, கனடாக்காரரு தேரு செய்யுதாருலே. வடம் பிடிக்க எப்ப வரணும்னு கேளு” என்றார் இன்னொருவர்.

மரவேலைக்கு வந்த ஆறுமுக ஆசாரி, முறையாக நிலை வைக்காமல் கதவு மாட்ட மறுத்தார். சக்கரத்தில் ஓடுவதானாலும் மனுசன் படுத்து எழுந்தால் வீடுதான் என்பது அவர் கட்சி. நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானிய முடிப்பை வாசற்படிக்கடியில் வைத்து ஆணி அடித்தார். வண்டியின் முகப்பு வடக்கே இருந்ததால், வலப்புற வாசல் சரியாகக் கிழக்கே பார்த்தது. எல்லோருக்கும் திருப்தி. கோமதி மட்டும் அன்று சீக்கிரமே அலுவலகம் கிளம்பிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாடகை ஜீப்பில் மாட்டி, ராஜபாளையம் சாலையில் இடது ஓரமாக நிறுத்தினோம். உள்ளே பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்த செண்பகம், கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தாள். பின்னாலிருந்து பஸ் வந்தது. அலுவலகம் போகிற வழியில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த கோமதி ஓடி வந்து, அவளை வண்டியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தான். பஸ் அவன் சட்டையை உரசிக்கொண்டு போனது.

“மதினி, ஒண்ணும் ஆவலையே?” என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். “அண்ணே, நடுரோட்டுலயா வாசல் வைப்பிய?”

பீட்டரின் வண்டியைப் பார்த்து வரைந்த படம். அந்த ஊரில் வண்டிகள் வலது ஓரம் போகும். வலப்புற வாசல் நடைபாதையில் இறக்கிவிடும். மரத்தின் கனம்வரை இந்த ஊருக்கு மாற்றிக் கணக்கிட்டவன், வாசலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். கிழக்கு பார்த்ததால் யார் கண்ணிலும் படவில்லை. வண்டியைப் பிரித்துப் போட்டுவிடலாம் என்றேன்.

“வச்ச நிலையப் புடுங்கக் கூடாது. நான் கை வைக்கமாட்டேன்” என்றார் கூட வந்திருந்த ஆசாரி.

கோமதி வண்டியை முதல்முறையாகச் சுற்றிவந்து, இடப்பக்கச் சுவரைத் தட்டிப்பார்த்தான். “இங்கன ஒண்ணு வெட்டிருவோம். ரோட்டுப் பக்கத்தத் தாப்பா போட்டு அடைச்சிருங்க.”

“அங்கதானல கட்டில் இருக்கு? வாசல் வந்தா ஒரு ஆளுதான் படுக்க முடியும்.”

“அதுக்கென்ன? மதினி வீட்ல படுக்கட்டும். நீங்க வேணா வண்டியில கெடங்க” என்றான். செண்பகம் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் வண்டியைக் கொல்லைப்புறத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியபின், அன்று பகல் முழுக்க வீட்டுக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். எங்கும் உட்காரப் பிடிக்கவில்லை.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக இடப்பக்கச் சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். கோமதி பல் தேய்த்த கையோடு வந்து பலகையைத் தாங்கிக்கொள்ள, நான் அறுத்தேன். துண்டு விழுந்ததும், அந்தப் பொத்தல் வழியாக முதல் ஆளாக அவன்தான் உள்ளே ஏறினான். இரண்டு பக்கமும் திறந்திருக்க, சாரல் காற்று வண்டியை ஊடுருவிப் போனது.

“அண்ணே, செருப்ப எந்த வாசல்ல கழட்ட?” என்று உள்ளேயிருந்து கேட்டான்.

நான் என் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். வைக்க இடம் தெரியாமல், வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். பிறகு இந்தப் பக்கம் வந்தேன்.