ரிப்பேருக்குப் போன கரண்ட் கிடார்

வடக்குப்பட்டு அருள்நாதனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவனுடைய பெரியப்பா யேசுராஜைத் திட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்த மனுஷன் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அருள்நாதன் தன் பாட்டுக்கு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளியிருப்பான்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. ஒரகடம் கூட்டு ரோட்டில் அருள்நாதனுக்கு ஒரு சின்னக் கடை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் மாட்டு வண்டியில் ஏற்றி அங்கேதான் கொண்டுவந்து இறக்குவார்கள். கருகிப்போன செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, வெயிலில் காயவைத்துக் கொடுப்பான். வேலை சுத்தம். சட்டையில் மட்டும் எப்போதும் வார்னிஷ் வாடை. அதிகம் பேச மாட்டான். பொய் சொல்லியும் பழக்கமில்லை. உத்தமன் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம், அதற்கு ஒரு தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

தேவையைக் கொண்டுவந்து சேர்த்தவர் பெரியப்பா. மணிமங்கலம் சர்ச்சில் உபதேசியாராக இருந்த தாமஸின் மகள் ரூத்தைப் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். தாமஸ் பேச்சுவாக்கில், "எங்க பொண்ணு கொயர்ல பாடறவ. மாப்ளைக்கு சங்கீதம் எதுனா பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டார். சும்மா கேட்ட கேள்வி. இல்லை என்று சொல்லியிருந்தாலும் காப்பி வந்திருக்கும்.

ஆனால் கல்யாணப் பேச்சில் 'இல்லை' என்ற வார்த்தையை யேசுராஜ் ஜென்மத்தில் சொன்னதில்லை. "இன்னா அப்டி கேட்டுட்டீங்க? பையன் கிடார் வாசிப்பான். அதுவும் சாதா கிடார் இல்ல, கரண்ட் கிடார்," என்றார். கரண்ட் வேலை செய்கிறவன் வேறு எதை வாசிக்கப்போகிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அருள்நாதன் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தான். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த ரூத், கிடார் என்று கேட்டதும் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அந்த மாதிரி ஆசையாக அவனை அதுவரை யாருமே பார்த்ததில்லை. பம்ப்செட்டுக்காரர்கள் பார்ப்பார்கள், அது மோட்டாருக்காக. திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. புது வீட்டில் பாத்திரம் பண்டமெல்லாம் அடுக்கி முடித்த கையோடு ரூத் கேட்டாள்: "இன்னாங்க, உங்க கிடார் எங்க?"

"அது... ரிப்பேருக்குக் குடுத்துகீறேன். மெட்ராஸ்ல."

"எப்ப வரும்?"

"வந்துடும், வந்துடும்."

இந்த இடத்தில் ரூத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் பொய் பேச மாட்டாள். பேசுகிறவர்களை வைத்துக்கொள்ளவும் மாட்டாள். காய்க்காரி செங்கமலம், முந்தாநாள் கத்தரிக்காயைக் காட்டி இன்றைக்குக் காலையில் பறித்தது என்று சத்தியம் செய்தாள். அன்றோடு அவள் கூடைப் பக்கம் ரூத் திரும்பவே இல்லை. சண்டை போட்டாலும் பரவாயில்லை, அதுவும் கிடையாது. "சொல்லுங்கக்கா" என்று மரியாதையாக நின்று கேட்டுவிட்டு, எதுவும் வாங்காமல் உள்ளே போய்விடுவாள். இதை வாசலில் நின்று பார்த்த அருள்நாதனுக்கு, நாளைக்கு நமக்கும் இதே மரியாதைதான் என்று புரிந்துவிட்டது. தன் பெண்டாட்டி தன்னிடம் அப்படி மரியாதையாக நின்று கேட்கிற நாள் வந்தால் தாங்க முடியாது என்று பயந்தான்.

அவள் கேட்பதையும் நிறுத்தவில்லை. "ரிப்பேர் ஆச்சாங்க?" என்பாள். ஒரு வாரம் கிடாருக்குத் தந்தி கிடைக்கவில்லை என்றான். இன்னொரு வாரம் கரண்ட் ஏறவில்லை என்றான். ரிப்பேர்காரருக்குக் காமாலை வந்துவிட்டது என்றும் ஒரு வாரம் சொன்னான். காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கச் சொல்லுங்கள் என்று ரூத் அக்கறையாகச் சொன்னபோதுதான் இது இப்படியே ஓடாது என்று அவனுக்கு உறைத்தது. வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே, இல்லாத கிடாரை உண்டாக்கிவிடுவது என்று தீர்மானித்தான். கருகின மோட்டாருக்கு உயிர் கொடுக்கிற கைக்கு இது பெரிய வேலையா?

படப்பையில் கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிக்கிற தசரதன் என்ற கிடார்க்காரர் வீட்டு மோட்டாரை அவன்தான் கட்டிக் கொடுத்திருந்தான். அவரிடம் போய் நின்றான். அவர் தன் கரண்ட் கிடாரைச் செய்தித்தாள் மேல் படுக்க வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்ளவிட்டார். கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டான். தலைப் பக்கம் அகலமாக ஆரம்பித்து, கீழே வர வர நெருங்கிக்கொண்டே வந்தன அவை. "இந்த எடத்துல தான் வெரல வெச்சி அழுத்தணும். அளவு மாறாம பாத்துக்கப்பா," என்று தசரதன் சொன்னார். ஒரு கிறிஸ்துமஸ் பாட்டையும் சொல்லிக் கொடுத்தார். ராகம், தாளம் என்றால் அருள்நாதன் ஓடியிருப்பான். எந்தத் தந்தி, எந்தக் கம்பி என்று எண்ணிக்கையாகச் சொன்னதால் மோட்டார் கனெக்‌ஷன் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டான்.

மரவேலைக்குக் கோதண்டம் ஆசாரி. அந்தப் பக்கத்து வீடுகளின் கதவு, ஜன்னலெல்லாம் அவர் கைதான். இடித்த வீட்டிலிருந்து வந்த பலாப் பலகை ஒன்று அவரிடம் கிடந்தது. பேப்பரை அதன்மேல் பசை போட்டு ஒட்டி அறுத்தார். உடம்பு அழகாக வந்தது. கழுத்துக்குத் தேக்கு. குறுக்குக் கம்பிக்கு சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியை வெட்டிப் பதிப்பது என்று முடிவாயிற்று.

"அண்ணே, பேப்பர்ல கீற மாதிரியே வெச்சிடுங்க," என்று அருள்நாதன் படித்துப் படித்துச் சொன்னான்.

"நீ உன் வேலையைப் பாருப்பா. இது எனுக்கு ஒரு வேலையா?" என்றார் கோதண்டம்.

அவன் போனபிறகு கழுத்துக்கான பேப்பரைப் பார்த்தார். பார்த்ததும் சிரித்தார். ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் இடைவெளி ஒன்றாக இல்லையே. பாவம், பையன் பென்சிலைச் சரியாகப் பிடிக்கவில்லை, போகப் போகக் கை இழுத்துவிட்டது. இந்த லட்சணத்தில் ஜன்னலுக்குக் கம்பி வைத்தால் மேல் பக்கமாகப் பூனை நுழைந்துவிடும். கோதண்டம் அளவு பிரிக்கிற கவராயத்தை எடுத்தார். முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் நடுவே ஒரு நூல்கூட முன்னே பின்னே இல்லாமல் எல்லாவற்றையும் சமமாகப் பிரித்துப் பதித்தார். தொழில் தெரியாதவன் தப்பைச் சொல்லிக்காட்டிச் சங்கடப்படுத்துவது அவர் பழக்கமில்லை. அதனால் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

அருள்நாதன் அதைக் கவனித்திருப்பான். ஆனால் அவன் கவனமெல்லாம் தந்திக்கு அடியில் வைக்கிற காயிலில் இருந்தது. சத்தத்தைக் கரண்டாக மாற்றுவது அதுதான். முதலில் மோட்டார்க் கம்பியில் சுற்றினான், ஈ பறக்கிற சத்தம்கூட வரவில்லை. பிறகு ஒரு செத்த ரேடியோவின் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மூச்சுப் பிடித்து உருவி, பழைய ஸ்பீக்கர் காந்தத்துக்கு மேலே சுற்றினான். அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்து, கடைசியில் வழக்கம்போல வார்னிஷில் முக்கி வெயிலில் வைத்தான். தந்தியும் முறுக்குகிற சாவிகளும் மூர் மார்க்கெட்டில் கிடைத்தன. வால்வ் ரேடியோவில் கிராமபோனுக்கு என்று இருக்கிற ஓட்டையில் கிடாரின் ஒயரைச் சொருகி ஒரு தந்தியைத் தட்டினான். 'டொய்ங்' என்று கடை அதிர்ந்தது. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அருள்நாதன் சந்தோஷத்தில் இன்னொரு தரம் தட்டினான்.

அதோடு விட்டிருக்கலாம். ரிப்பேருக்குப் போன கிடார் என்றால் பழசாக இருக்க வேண்டுமே. டீ டிகாஷனைப் பூசினான். செங்கல் தூளால் தேய்த்தான். மூலையைச் சுவரில் இரண்டு இடி இடித்தான். பார்க்க வந்த கோதண்டம், "பெத்த கொழந்தைய அடிக்கிற மாதிரிகீது," என்று மனம் நொந்து போனார். பாட்டை மட்டும் அவன் கடையிலேயே பழகினான். கட்டி முடித்த மோட்டார்கள் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருக்க, அந்த இரைச்சலில் ரேடியோ எதற்கு என்று சும்மாவே விரலை வைத்து எடுத்தான். எண்ணிக்கை தப்பவில்லை. அது போதும் என்று நினைத்தான்.

கிறிஸ்துமஸ் வாரம் கிடார் வீட்டுக்கு வந்தது. ரூத் அதை மடியில் வைத்து முந்தானையால் துடைத்தாள். முந்தானையில் பழுப்பாக ஏதோ ஒட்டியது. அதை ஒரு தரம் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டாள். தூசி துடைக்கிறாள் என்று அருள்நாதன் நிம்மதியாக இருந்தான்.

மறுநாள் சாயங்காலம் தாமஸ் வந்தார். ஸ்தோத்திரம் சொல்லி உட்கார்ந்தவர், மாப்பிள்ளை வாசிக்க மகள் பாடிக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கடையிலிருந்து கொண்டுவந்த ரேடியோ சூடாகிற வரைக்கும் எல்லாரும் காத்திருந்தார்கள். ரூத் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

முதல் சுரம் அருமை. அதற்கு விரல் வைக்கத் தேவையில்லை, சும்மா தட்டினால் போதும். இரண்டாவது சுரத்துக்கு விரலை வைத்தான். அது கிணற்றுக்குள் இறங்கிப் பேசியது. மூன்றாவது இன்னும் கீழே. ரூத் தன் குரலை வளைத்து அதோடு சேரப் பார்த்தாள். அது போகிற இடத்துக்கு மனுஷக் குரலால் போக முடியவில்லை. பாட்டை நிறுத்திவிட்டாள். அருள்நாதன் எண்ணிக்கை தப்பாமல் இன்னும் கொஞ்சம் வாசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"இன்னா மாப்ள, இப்டி அழுவுது?" என்றார் தாமஸ். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "உங்க பெரியப்பா நல்லா வாசிப்பீங்கன்னு சொன்னாரே?"

அருள்நாதனுக்குத் தெரிந்துவிட்டது, இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. மாமனார் முன்னால், பெண்டாட்டி முன்னால் உடைத்துச் சொல்லிவிட வேண்டியதுதான். "மாமா, நான் வந்து..." என்று ஆரம்பித்தான்.

"அவரு நல்லா தான்பா வாசிப்பாரு," என்றாள் ரூத். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரிப்பேருக்குக் குடுத்த எடத்துல கம்பியெல்லாம் எடம் மாத்தி வெச்சி கெடுத்துட்டானுங்க. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தி கோயிலாண்ட வாசிச்சாரே, நான் கேட்டுகீறேன்."

தாமஸ் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. ரூத் சொன்னால் அவருக்குச் சாட்சி வேண்டியதில்லை. "பாவிங்க, நல்ல பொருள எப்டி பாழ் பண்ணி வெச்சிகீறானுங்க," என்று ரிப்பேர்காரரைத் திட்டினார். இல்லாத அந்த மனிதர், காமாலையோடு சேர்த்து இதையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

காலையில் தாமஸை பஸ் ஏற்றிவிட்டு இரண்டு பேரும் ஏரிக்கரை வழியாகத் திரும்பி நடந்தார்கள். அருள்நாதனால் பொறுக்க முடியவில்லை.

"உனுக்கு எப்ப தெரியும்?"

"மொத வாரமே. எங்க கொயர்ல கிடார் வாசிக்கிறவரு வெரலு நுனியெல்லாம் காய்ச்சிப் போயிருக்கும். உங்க வெரல்ல வார்னிஷ் தான் இருந்தது."

"அப்புறம் ஏன் கேட்டுகினே இருந்த?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க என்னாடான்னா ஒண்ண செஞ்சே எடுத்துகினு வந்துட்டீங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு நின்றாள். சிரிப்பு போய்விட்டது. "எங்கப்பாகிட்ட நான் பொய் சொன்னதே இல்லீங்க. நேத்து தான் மொத தடவ. அத பொய்யாவே வுட்டுடாதீங்க."

அவள் கோபித்திருந்தால்கூட அருள்நாதனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. கிடாரை எடுத்து உற்றுப் பார்த்து, கம்பிகளெல்லாம் ஒரே இடைவெளியில் இருப்பதைக் கண்டுகொண்டு நேரே கோதண்டத்திடம் போனான். தான் திருத்தி வைத்ததுதான் தப்பு என்று அவரை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. தசரதன் வந்து தன் கிடாரையே காட்டிய பிறகு, கோணல்மாணலாக மறுபடி பதித்துக் கொடுத்தார். "நான் செஞ்சதுன்னு மட்டும் வெளில சொல்லிடாதே," என்று கேட்டுக்கொண்டார். அதன்பிறகு அருள்நாதன் தினமும் சாயங்காலம் ரேடியோவைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ரூத் அடுப்படியிலிருந்தே "தப்பு" என்பாள். மறுபடி வாசிப்பான். "தப்பு." மறுபடி வாசிப்பான். பக்கத்து வீட்டு எல்லப்பனின் மாடு முதலில் பழகிக்கொண்டது, எல்லப்பன் பழகக் கொஞ்சம் நாள் ஆயிற்று. மழைக்காலத்தில் ஒரு நாள் அடுப்படியிலிருந்து சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தான். ரூத் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தாமஸ் வந்தார். மகள் பாடினாள், மாப்பிள்ளை கடைசிவரைக்கும் கூடவே வந்தான். நடுவில் ஒரு இடத்தில் கொஞ்சம் தடுமாற்றம், மற்றபடி குறையில்லை.

"பரவால்லையே, நல்லாவே வாசிக்கிறாரும்மா," என்றார் தாமஸ்.

"நான் தான் சொன்னேனேப்பா," என்றாள் ரூத், அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து.