கச்சானிலேயே போ

அப்பாவின் வலது கை விசைப்படகுக் கயிற்றில் நசுங்கிய பிறகு எங்கள் வீட்டில் கடலுக்குப் போக ஆள் இல்லை. அம்மா ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையோடு பஸ் ஏறினாள். நாற்றம் என்று கண்டக்டர் இறக்கிவிடுவார். அடுத்த பஸ் பிடித்து அவள் சாயர்புரம் சேர்வதற்குள், மொபெட்டில் போகும் ஆண்கள் தெருவெல்லாம் விற்று முடித்திருப்பார்கள்.

சாத்தான்குளத்திலிருந்து மாமா தன் பழைய மொபெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். “ஓட்டிப் பாரு தங்கச்சி. தோதுப்படலன்னா பயல எங்கூட அனுப்பிரு. அங்கன சோத்துக்குக் குறை இல்ல” என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்றிலிருந்து அந்த வண்டி ஓட வேண்டும் என்பது மட்டுமே என் ஜெபம்.

பிள்ளைகளா, கடலில் வலது இடது கிடையாது. காற்றின் பேர்தான் திசை. வாடை என்றால் வடக்கு, கச்சான் என்றால் மேற்கு. அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் கைக்கட்டோடு பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

“வாடைப்பக்கம் திருப்புளா! வாடை, வாடை!”

“அது எந்தக் கை? சொல்லித் தொலைங்க!”

அம்மா கேட்டு முடிப்பதற்குள் வண்டி உப்புக் குவியலில் ஏறி நின்றது. உப்பளத்தில் வேலை பார்த்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “ஏ மதினி, அண்ணன் நங்கூரம் போடக் கத்துக்குடுக்கலையா?”

ஒரு வாரத்தில் அம்மா ஓட்டப் பழகிவிட்டாள். சனிக்கிழமை பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் தராசோடு நான். அப்பா வாசலில் நின்று, “பயப்படாத. கச்சானிலேயே போ. வெயிலு முதுகுலயே இருக்கட்டும், ஊரு வந்துரும்” என்றார்.

பஸ்ஸில் கூடையைக் காத்தபடியே போய் வந்த அம்மாவுக்கு வழி மனசில் இல்லை. அப்பா சொன்னபடியே செய்தாள். கடலில் அது சரி. சாலை வளைந்த இடத்திலும் அவள் வளையவில்லை. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நேரே ஒரு மண்பாதையில் இறங்கிவிட்டாள். உடைமரம், பனை, மறுபடி உடைமரம். கடைசியில் நாங்கள் பேர் கேள்விப்படாத ஒரு ஊரில் வண்டி இருமிவிட்டு நின்றது.

அம்மா சேலையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். முகத்தைத் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். “சாளை! விளமீன்! விடியக்காலம் வந்த மீனு!”

குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

“ஏளா, இங்கன ஒரு மீன்காரனும் எட்டிப் பாக்க மாட்டான். நீ எப்படி வந்த?”

“வீட்டுக்காரரு கச்சானிலேயே போவச் சொன்னாரு.”

“அவரு நல்லா இருக்கட்டும்! நாளைக்கும் வருவியா?”

தராசைப் பிடித்து என் கை வலித்தது. ஐஸ் கரைவதற்குள் பெட்டி காலி.

திரும்பும்போது வண்டியைத் தள்ளித்தான் கிளப்பினோம். எங்கள் தெருமுனையிலிருந்து வீடு வரை அம்மா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்பா இடது கையால் பெட்டியைத் திறந்து பார்த்தார். வெறும் தண்ணீர்.

“சாயர்புரத்துல அவ்வளவு ஓட்டமா?”

“சாயர்புரமா? அது எந்தப் பக்கம்னு எனக்கு இன்னும் தெரியாது. நாளைக்கும் கச்சான்தான். பயலோட மாமாவுக்குப் போனு போட்டு, வண்டி எங்கிட்டயே இருக்கும்னு சொல்லிருங்க. பயலும்தான்.”