தட்டு மாற்றிப் பார்க்காத நாள்

"கைய எடுடா," என்றாள் வால்புர்கா லூட்ஸ்.

தங்கம் வாங்கும் கடைக்காரன் ஹாக்கெட் எடுக்கவில்லை. அவள் தராசின் தண்டைப் பிடித்து இழுத்தாள். பித்தளைத் தட்டு ஒன்று மேசையில் மோதித் தரையில் உருண்டது. கடை வாசலில் நாங்கள் முப்பது பேர் நின்றிருந்தோம். என் கையில் ஒரு கல் இருந்தது. ஹாக்கெட்டை அடிக்க எடுத்ததல்ல. அவளை அடிக்க எடுத்தது.

காரணம், எங்களில் ஒருவனான பென்ரோஸ். ஹாக்கெட் ஐந்து அவுன்ஸ் என்று நிறுத்த தங்கத்தூளை அவன் விலை படியாமல் திரும்ப வாங்கி சாக்ரமென்டோ நகரத்துக்குக் கொண்டுபோனான். அங்கே அதே பை ஐந்து அவுன்சுக்கு மேல் நின்றது. நூற்றுக்கு இரண்டு பங்கு அதிகம். எங்கள் ஊரான பைன் கல்ச்சில் தங்கத்துக்காக ஆற்று மணலை அலசிய அத்தனை பேரும் ஏழு மாதமாக அந்தத் தராசில்தான் விற்றோம். இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்று எடுத்தது. ஹாக்கெட்டிடம் கேட்டபோது அவன் தராசுக் கோலைத் திருப்பிக் காட்டினான்.

"நானா செஞ்சேன்? முத்திரையப் பாருங்கப்பா."

நட்சத்திர முத்திரை. லூட்ஸ் தராசு. அன்று காலை ஆற்றங்கரையில் கூட்டம் கூடி முடிவு செய்தோம்: அந்த ஜெர்மன்காரி நடுப்பகலுக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும். அதைச் சொல்ல அவள் பட்டறைக்குப் போனோம். அவள் முழுவதையும் கேட்டாள். கையில் இருந்த அரத்தோடு எங்களுக்கு நடுவே புகுந்து நேராக ஹாக்கெட் கடைக்கு வந்துவிட்டாள்.

லூட்ஸ் என்பது அவள் புருஷன் பெயர். 1850இல் கப்பலை விட்டு இறங்கிய ஆறாம் வாரம் காலராவில் போய்விட்டான். இங்கே ஒரு தராசுகூட அவன் செய்ததில்லை. தராசு வேலை அவள் பிறந்த வீட்டுத் தொழில். அவள் ஊரான பாலிங்கனில் அவள் அப்பா வார்த்த கோல்களை ஒன்பது வயதிலிருந்து அவள்தான் அரம் போட்டுச் சரிபார்த்தாள். அங்கே மகள்களுக்குச் சொந்த முத்திரை கிடையாது. அதனால் புருஷனுடைய முத்திரையை அடித்தாள். அவன் செய்து விட்டுப்போன தராசுகள் என்று நினைத்து மூன்று வருடமாக நாங்கள் அவளிடமே வந்து, "லூட்ஸ் நல்ல வேலைக்காரர்," என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பித்தளைத்தூளை ஊதுவாள்.

இப்போது விழுந்த தட்டை எடுத்து இடுப்பில் கட்டிய வேலைத்துணியில் துடைத்து மாட்டினாள்.

"பென்ரோஸ், உன் பையக் குடு."

"திரும்பி வருமாம்மா?"

"உன் மூக்குல இருக்கறதவிடக் கொறச்சலாத்தான் இதுல இருக்கும். குடு."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஹாக்கெட் வழக்கமாகத் தங்கம் வைக்கும் இடப்பக்கத் தட்டில் பையை வைத்தாள். வலப்பக்கம் எடைக்கற்கள். முள் நேராக நின்றது.

"சரியா இருக்கா?"

"இருக்கு," என்றோம்.

"எல்லாருக்கும் கண்ணு தெரியுதுல்ல?"

பையை வலப்பக்கத்துக்கும் கற்களை இடப்பக்கத்துக்கும் மாற்றினாள். பை இருந்த தட்டு கீழே போய் மேசையைத் தொட்டது. அதே பை. அதே கற்கள்.

"கோலோட ரெண்டு கையும் ஒரே நீளமா இருந்தா இப்படிச் சாயாது. ஒரு பக்கம் நுனிய வளைச்சு உள்ள தள்ளியிருக்கான். அந்தப் பக்கம் எத வச்சாலும் எடை கம்மியாக் காட்டும். அதுலதான் உங்க தங்கம் ஏறுச்சு. இது கூடவா பாக்கத் தெரியல உங்களுக்கு? தட்ட மாத்திப் போட எவ்வளவு நேரமாகும்? தண்ணியடிக்கற நேரம்கூட ஆகாது."

கல்லைக் கீழே போட்டேன். சத்தம் கேட்டிருக்கும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் ஹாக்கெட்டை நோக்கி நகர்ந்தோம். அவன் சுவரில் ஒட்டிக்கொண்டு கத்தினான்: "அவளக் கேளுங்க! மார்ச்சுல இந்தத் தராச அவகிட்ட கொண்டு போனேன். வாங்கிப் பாத்து ரெண்டாவது முத்திரையும் அடிச்சுக் குடுத்தா. பொய்யா? சொல்லும்மா, பொய்யா?"

கோலில் இரண்டு நட்சத்திரம் இருந்தது. மறுசோதனை முடிந்தால் அடிக்கும் இரண்டாவது நட்சத்திரம்.

பென்ரோஸ் மெதுவாகச் சொன்னான்: "இல்லன்னு சொல்லிடுங்கம்மா."

அவள் முகம் சிவந்தது. பென்ரோஸை அறைந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"நான்தான் அடிச்சேன். கீழ விழுந்துடுச்சு, முள்ளு நேரா நிக்கலன்னு கொண்டாந்தான். ஒரு தட்டோட அடிப்பக்கத்த அராவி முள்ள நேராக்குனேன். வெறுந்தட்டு சரியா நின்னுச்சு. மாத்திப் போட்டுப் பாக்கல."

"ஏன்?"

"நான் செஞ்ச தராசு." அவள் குரல் உடைந்தது. அழுகையால் அல்ல. "அடுத்தவன் செஞ்சது வந்தா பத்து தடவ மாத்திப் போடுவேன். இது என் கையி. என் கை தப்பாதுன்னு நெனச்சேன். இந்த நாயிக்குத் திருடத்தான் தெரியும், முள்ள நேராக்கத் தெரியாது. அத நான் செஞ்சு குடுத்தேன்."

அரத்தைக் கோலின் மேல் வைத்து அழுத்தினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு நட்சத்திரங்களும் தூளாயின.

"இப்ப கை தூக்குங்க. போகணும்னா போறேன். பரிதாபப்பட்டு எவனாவது விட்டீங்கன்னா, இந்த அரத்தாலயே மண்டையப் பொளப்பேன்."

அங்கேயே கை தூக்கினோம். ஹாக்கெட் போக வேண்டும் என்று எல்லோரும். அவள் போக வேண்டும் என்று பதினான்கு பேர், இருக்கலாம் என்று பதினாறு பேர். நான் பதினாறில் ஒருவன். அதை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.

மறுநாள் காலை அவள் பட்டறையைத் திறக்கவில்லை. அரத்தையும் ஒரு பெட்டி எடைக்கற்களையும் எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் நட்சத்திர முத்திரைத் தராசு இருந்த மற்ற பதினொரு கடைகளுக்கும் போனாள். எல்லாத் தராசிலும் தட்டு மாற்றிப் பார்த்தாள். ஒன்பது சரியாக இருந்தன. இரண்டு சரியில்லை. அந்த இரண்டிலும் முத்திரையை அராவி எடுத்தாள். ஒரு கடைக்காரர் கதவைச் சாத்தினார். பென்ரோஸ் அதை உதைத்துத் திறந்தான். மதியம் படியில் உட்கார்ந்து ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு மழை பெய்தது. ஹாக்கெட்டின் கடையில் வேறொருவர் மாவு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.