மஞ்சள் பெட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது

டெஸ்மண்டின் வலது கைச் சுட்டுவிரலில் பாதி நகம் இல்லை. லாரிக் கதவு கொண்டுபோனது. அந்த விரல்தான் கணினித் திரையில் ஒரு வரியைத் தொட்டது. இடது கை, பக்கத்தில் விரித்து வைத்திருந்த பள்ளிக்கூட நோட்டில் அதே வரியைத் தேடிப் பிடித்தது. இரண்டும் ஒன்றுதான் என்று ஆன பிறகே விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. மேசையில் கம்பி செருகிய நிலையில், காரில் வழி சொல்லும், யாருடையதோ ஒரு வழிகாட்டிக் கருவி காத்துக் கிடந்தது.

இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டு சந்தையில் டெஸ்மண்ட் ஆல்சொப்பின் கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் போன் உறை வாங்க வருகிறவர்கள். மீதிப்பேர் இதற்காக வருகிறவர்கள். வேகக் கேமரா வருவதற்கு முன்னால் காரில் இருக்கும் கருவி கத்த வேண்டும். கேமரா எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல் இணையத்தில் சும்மாவே கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியலைப் போட்டால் கேமரா உள்ள ஒவ்வொரு மஞ்சள் பெட்டிக்கும், எந்தப் பக்கத்திலிருந்து போனாலும் கத்தும். பெட்டியோ ஒரு பக்கத்து வண்டியைத்தான் பிடிக்கும். தன்னைத் தாண்டிப் போகிற வண்டியைப் பின்னாலிருந்து படம் எடுக்கும். எது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை டெஸ்மண்ட் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். அவர் ஏற்றிக் கொடுத்த கருவி, கத்த வேண்டிய இடத்தில் மட்டும் கத்தியது.

யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இருபத்தொன்பது வருடம் லாரி ஓட்டி முதுகு போன பிறகு, வீட்டில் உட்கார முடியாமல் தானே பழகிக்கொண்டது. திருப்பக்கூடிய பெட்டியின் முகத்தைப் பார்த்து எழுதக்கூடாது என்பது அவர் தனக்கே வைத்துக்கொண்ட விதி. பெட்டிக்கு அப்பால் சாலையில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள், ஏணிப்படி மாதிரி. அவை எந்தத் தடத்தில் இருக்கின்றனவோ அந்தத் தடத்து வண்டிக்குத்தான் ஆபத்து. கோட்டைப் பார்த்தால் எழுதலாம்.

2007 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, மாரீன் டாம்லின்சன் கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார்.

"டெஸ், அந்த வேலையைக் கொஞ்சம் நிறுத்து."

"ஒரு நிமிஷம் கண்ணு. நடுவுல விட்டா எந்த வரின்னு மறந்துடும்."

"நான் எந்த நிலைமையில இருக்கேன்னு முதல்ல இதைப் பாரு."

கடிதத்தில் ஒரு படம். மாரீனின் வெள்ளை வேன், பின்பக்கம், எண் பலகை பளிச்சென்று. முப்பது மைல் சாலையில் நாற்பத்தொன்று.

"உன் கருவி வாயே திறக்கல," என்றார் மாரீன்.

"எந்தப் பெட்டி?"

"ஸ்டோன்லோ மேடு. இறங்கும்போது."

"அது ஏறுற வண்டியைத்தான் பிடிக்கும்."

"அப்படியா? அதுகிட்டப் போய்ச் சொல்லு. இறங்குற என் பின்பக்கத்தைப் படம் எடுத்திருக்கு. என் புருஷன்கூட என்னை இவ்வளவு தெளிவா எடுத்ததில்ல."

பக்கத்துக் கடையில் சீஸ் வெட்டிக்கொண்டிருந்த ஐவர் சிரித்தார். மாரீன் சிரிக்கவில்லை. ஐம்பத்தாறு வயது. ஏழு ஊர் டாக்டர்களிடமிருந்து ரத்தப் புட்டிகளையும் சிறுநீர்ப் புட்டிகளையும் பெரிய ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோவது அவர் வேலை. லைசென்ஸில் முன்பே ஆறு தண்டனைப் புள்ளி இருந்தது; இதோடு ஒன்பது. இன்னும் மூன்று விழுந்தால் பன்னிரண்டு, லைசென்ஸ் ஆறு மாதம் போய்விடும். லைசென்ஸ் போனால் வேலையும் போகும். இந்த வயதில் இன்னொன்று கிடைக்காது.

டெஸ்மண்ட் நோட்டில் ஸ்டோன்லோ பக்கத்தைத் திருப்பினார். ஜூன் மாதம். 'மழை. புதுத் தார். கோடு இன்னும் போடவில்லை. பெட்டி மேலே பார்க்கிறது. இணையப் பட்டியலில் வேறு இரண்டு பேரும் அப்படியே எழுதியிருக்கிறார்கள்.' அந்தக் கடைசி வரியை வேறு எந்தப் பெட்டிக்கும் அவர் எழுதியதில்லை. அந்த இரண்டு பேரும் பெட்டியின் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். அன்று முதுகு வலித்தது. கோடு போட்ட பிறகு இன்னொரு முறை போகவேண்டும் என்று நினைத்தார்; போகவில்லை. கோடு போட்டவர்கள் பெட்டியையும் திருப்பிவிட்டார்கள்.

"தப்பு என்னுது," என்றார்.

மாரீன் கடிதத்தை மடித்தார்.

"சரி, விடு. எல்லாப் பெட்டிக்கும் ரெண்டு பக்கமும் கத்துற மாதிரி போட்டுக் குடு."

"குடுக்கலாம். ரெண்டு நாள் கேப்பே. திங்கக்கிழமை அது கத்துறதே உனக்குத் தெரியாது."

"நான் என்ன செவிடா?"

"நான் ஆயிருக்கேன். லாரியில, கேமராவோட ரேடார் அலையைப் பிடிச்சுக் கத்துற ஒரு டப்பா வெச்சிருந்தேன். கடைக் கதவு தானாத் திறந்தாலும் கத்தும். அது நிஜமாவே கத்தின அன்னிக்கு நான் பாட்டுக்குப் போயிட்டேன்." நோட்டை மூடினார். "நாளைக்கு உன்கூட வேன்ல வரேன். உன் வழியில இருக்கிற முப்பத்தி நாலு பெட்டியையும் பார்த்துடலாம்."

"உன் முதுகு?"

"அதுவும் வரும்."

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்கள். பின்னால் நீலக் குளிர்ப்பெட்டி, முன்னால் மடியில் நோட்டோடு டெஸ்மண்ட். ஒவ்வொரு பெட்டியிடமும் அவருக்கு இறங்கிப் பார்க்க ஆசை.

"நிறுத்து, கண்ணு."

"முடியாதுய்யா. அடுத்த ஊர்ல ரத்தம் காத்துக்கிட்டிருக்கு. ஜன்னல் வழியாப் பாரு, எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்து எழுதினார். பத்தொன்பது பெட்டிகள் நோட்டில் இருந்தபடியே இருந்தன. ஐந்தாவது டாக்டரின் கிளினிக்கில் நர்ஸ் இன்னும் புட்டிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது பதினோரு நிமிடம் தாமதம். மாரீனின் கால் ஆக்சிலேட்டரை அழுத்தியது. ஆல்டர்வெல் ஊருக்குள் நுழையும்போது முள் முப்பத்தொன்பதில் நின்றது. அங்கே முப்பதுதான். கருவி பேசாமல் இருந்தது. நோட்டின்படி அந்தப் பெட்டி எதிர்த்தடத்து வண்டிக்கானது.

டெஸ்மண்ட் முதுகை நிமிர்த்த இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பினார். அப்போதுதான் பெட்டிக்கு அந்தப் பக்கம் சாலை தெரிந்தது. கோடுகள், புது வெள்ளை, தங்கள் தடத்தில்.

"பிரேக்! மாரீன், பிரேக் போடு!"

பின்னால் புட்டிகள் சலசலத்தன. முள் இருபத்தெட்டுக்கு வந்தது. பெட்டி பக்கவாட்டில் கடந்துபோனது. பின்னால் கேமரா வெளிச்சம் எதுவும் வெட்டவில்லை. மாரீன் பஸ் நிறுத்தத்தில் ஓரம்கட்டினார். கைகள் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"இதை எப்போ பார்த்தே?"

"மார்ச்சுல."

"ஒழுங்காப் பார்த்தியா?"

"ஒழுங்காத்தான் பார்த்தேன். கோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். அப்புறம் திருப்பியிருக்காங்க."

இது அவர் தப்பில்லை. அதுதான் அவரை அதிகம் சோர வைத்தது. ஸ்டோன்லோவில் செய்தது சோம்பல். இங்கே சோம்பல் எதுவும் இல்லை, அப்படியும் நோட்டு பொய் சொல்லியிருந்தது. கோடைக்காலம் முழுக்க மாவட்டத்தில் தார் போட்டிருந்தார்கள். எங்கெல்லாம் தாரோ, அங்கெல்லாம் அவர் எழுதியதை நம்ப முடியாது.

கண்ணாடியில் ஒட்டியிருந்த கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னய்யா பண்றே?"

"எல்லாத்தையும் திரும்பப் பார்க்கற வரைக்கும் இது உன் வண்டியில இருக்கக்கூடாது. இது சும்மா இருந்தா நீ தைரியமாப் போறே."

"அது இல்லாம நான் எப்படிப் போறது?"

"முப்பதுன்னா முப்பதுல."

"தினமும் லேட்டாகும், டெஸ்."

"லேட்டானா திட்டுவாங்க. பாயிண்ட் போடமாட்டாங்க."

மாரீன் வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி வரை முப்பதை முப்பதாகவே ஓட்டினார். பின்னால் வந்த ஒருவன் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான்.

அடுத்த வாரம் முழுக்க டெஸ்மண்டின் கடை மத்தியானத்துக்கு மேல் மூடியிருந்தது. தன் சின்னக் காரில் அரைமணி நேரம் ஓட்டுவார்; இறங்கி, காரின் கூரையில் இரண்டு கையையும் ஊன்றி நிற்பார்; மறுபடி ஓட்டுவார். பெட்டியைத் தாண்டி நடந்துபோய்க் கோடுகளைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். கருவியில் குறித்த இடம் பெட்டிக்கு நாற்பது கஜம் தள்ளியிருந்தால் அதையும் சரிசெய்தார். ஓடுகிற வண்டியிலிருந்து இடம் குறிக்கப் பட்டனை அழுத்துகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் அழுத்துவார்கள்.

"ஒரு பொம்பளைக்காக இவ்வளவு அலையறியே, வீட்டுல தெரியுமா?" என்றார் ஐவர்.

"வீட்டுலதான் சொன்னாங்க, வெளியே போய்த் தொலைன்னு."

எட்டாம் நாள் சோதனைக்கூடத்தில் மாரீனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மூன்று நாள் புட்டிகள் தாமதம். சாலை வேலை நடக்கிறது என்றார். அது பொய்யில்லை. இன்னொரு தரம் இப்படி நடந்தால் எச்சரிக்கையை எழுதித்தான் தரவேண்டியிருக்கும் என்றார்கள். அன்று சாயங்காலம் மாரீன் டெஸ்மண்டுக்கு போன் செய்தார்.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"இன்னும் ஆறு பெட்டி."

"நீ எழுதி வெச்சிருக்கறதையே போட்டுக் குடேன். பாக்கியைப் பார்த்துக்கலாம்."

"ஆறுல எது உன்னைப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாதே, கண்ணு."

"சரி," என்று மாரீன் போனை வைத்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் வந்தார். டெஸ்மண்ட் கடைசி வரியை நோட்டோடு ஒப்பிட்டு முடித்து, கம்பியைப் பிடுங்கினார்.

"முப்பத்தி நாலும் பார்த்தாச்சு. நாலு திரும்பியிருக்கு. ஒண்ணை எடுத்துட்டே போயிட்டாங்க."

"இனி பயமில்லையா?"

"இன்னிக்கு இல்ல. ரோட்டுல புதுத் தார் பார்த்தா இதை நம்பாதே; எனக்கு போன் பண்ணு. வேனை ஓரமா நிறுத்தி உள்ளே உட்கார்ந்து பிடிக்கிறாங்களே போலீஸ்காரங்க, அவங்களைப் பத்தி இது சொல்லாது. எவன் லிஸ்டும் சொல்லாது."

"அப்புறம் எதுக்குய்யா இது?"

டெஸ்மண்டுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"முப்பத்தி மூணு இடத்துல பெட்டியைத் தேடாம ரோட்டைப் பார்த்து ஓட்டலாம். அவ்வளவுதான்."

மாரீன் கையை நீட்டினார். கருவியின் பின்பக்கம் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. அதில் அன்றைய தேதி மட்டும். அதைப் படித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.