லென்ஸ் அண்ணன் பிடித்த அலை

எங்கள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவரை எல்லோரும் லென்ஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவர். தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று அவருக்கே தெரியாது. தங்கமான மனுஷன். சகலை பேச்சை எடுத்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

சகலை என்றால் அண்ணியின் அக்கா புருஷன். குழாய் ஒழுகினாலும் சரி, புது ஃபேன் வாங்குவதென்றாலும் சரி, "அத்தானை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்பார் அண்ணி. அதைக் கேட்டாலே அண்ணனுக்கு வயிறு எரியும். இந்தக் கோடையில் சகலை பாடிபோர்டு பழகினார். குப்புறப் படுத்துக்கொண்டு அலையோடு வழுக்கிக் கரைக்கு வருகிற குட்டைப் பலகை அது. இறங்கிய வேகத்தில் கற்றுக்கொண்டாராம். அந்த வீடியோவை அண்ணி வாயைப் பிளந்துகொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். அண்ணனும் போய் ஒரு பலகையை வாடகைக்கு எடுத்தார். கடல் மேல் ஆசையெல்லாம் இல்லை. ஒரே ஒரு தடவை அண்ணி தன்னையும் அப்படிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடியோடு கடலில் இறங்க முடியாதே. வருகிற அலை இவருக்குத் தெரியாது. சகலையின் சிவப்புச் சட்டை மட்டும் மங்கலாகத் தெரியும். அது நகர்ந்தால் இவரும் காலை உதைப்பார். அதற்குள் அலை சகலையை அள்ளிக்கொண்டு போயிருக்கும், மிச்ச நுரை இவர் மூக்கில் ஏறும். யாரைப் பார்த்தால் பற்றி எரிகிறதோ அவரையே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டிய கொடுமை யாருக்கும் வரக் கூடாது.

"என்னைப் பாக்காதீங்க சகலை. அலை வர்றதுக்கு முன்னாடி தண்ணி காலைப் பின்னாடி இழுக்கும். அப்பக் கெளம்புங்க" என்றார் சகலை, நல்ல மனசோடுதான். அந்த நல்ல மனசுதான் அண்ணனுக்கு இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சகலை களைத்துப்போய்க் கரையேறிவிட்டார். பார்த்துச் செய்ய ஆள் இல்லை. அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் தனியாக நின்றார். தண்ணீர் காலைப் பின்னால் இழுத்தது. பலகையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பாய்ந்தார். அலை தூக்கியது, நடுவில் கைவிடவும் இல்லை. கரையில் மஞ்சளாக ஓர் உருவம் துள்ளித் துள்ளிக் கைதட்டியது. அன்றைக்கு அண்ணி போட்டிருந்ததும் மஞ்சள் உடுப்புதான். அண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டதாம். பலகை மணலில் தட்டியதும் எழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார்.

கட்டிப்பிடித்த பிறகுதான் மீசை குத்தியது. மஞ்சள் துண்டைப் போர்த்திக்கொண்டு சகலை நின்றிருந்தார்.

"பிச்சு உதறிட்டீங்க சகலை" என்று முதுகில் தட்டினார். அண்ணி அக்காவோடு டீ வாங்கப் போயிருந்தார்.

அவர்கள் திரும்பி வந்ததும் சகலை மணலில் குப்புறப் படுத்துவிட்டார். அலை எழும்பியதையும், பலகை சீறியதையும், அண்ணன் தலையைத் தூக்கியதையும் அப்படியே நடித்துக் காட்டினார். அண்ணன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். இப்போது அண்ணியின் முகம் துல்லியமாகத் தெரிந்தது. டீயைக் குடிக்க மறந்து, வாயைப் பிளந்துகொண்டு, சகலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்களேன்" என்றார்.