கூழைக் கரைத்த தண்ணீர்

பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் நான் சுகாதார நர்ஸ். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயை வைத்துத்தான் இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

போன ஆடி மாதம் கோயில் தெருவில் அடுத்தடுத்து நான்கு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. அதில் ஒரு சின்னப் பெண் குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றும்படி ஆனது. நான்கு வீட்டுக்கும் ஒரே குழாய் லைன். வாய்க்கால் வெட்டிய ஜேசிபி அந்த லைனை இடித்து, சாக்கடை உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் சொல்லி, தண்ணீர் சாம்பிள் எடுத்து அனுப்பினேன். வீடு வீடாக உப்புக்கரைசல் பாக்கெட் கொடுத்தேன். குழாய் ஒட்டுகிறவர்கள் சனிக்கிழமைதான் வருவார்களாம். வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கூழ்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சி, குடத்தில் கொண்டுவந்து கோயிலில் ஒரே அண்டாவில் ஊற்றுவார்கள். காய்ச்சிய கூழால் பயமில்லை. அதில் மோரும் பச்சைத் தண்ணீரும் விட்டுக் கரைப்பார்கள். அந்தத் தண்ணீர் கோயில் குழாயில் பிடிப்பது, அதே லைன். ஊரே வரிசையில் நின்று குடிக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் நேரே தர்மகர்த்தாவிடம் போனேன்.

“கூழை நிறுத்தச் சொல்லலைங்க. கரைக்கிற தண்ணிய மட்டும் கொதிக்க வெச்சி ஆற வைங்க.”

“இன்னா சிஸ்டர் பேசுறீங்கோ? அம்மன் கூழு குடிச்சி எவனுக்காவது நோவு வந்திருக்கா? அண்டா தண்ணிய எவன் காய வைப்பான்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தேன். கூழ் கொண்டுவந்த பெண்கள் கூடிவிட்டார்கள். பக்கத்துத் தெருத் தண்ணீரில் மருந்து விட்டேன், மஞ்சளானது. கோயில் தண்ணீரில் விட்டேன், நிறமே மாறவில்லை.

“மஞ்சளானா தண்ணியில குளோரின் இருக்குன்னு அர்த்தம். இதுல சுத்தமா இல்ல. இதத்தான் உங்க புள்ளைங்க குடிக்கப் போவுது.”

டிரிப்ஸ் ஏறிய குழந்தையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “எம் பொண்ணு கையில ஊசி குத்தின எடம் இன்னும் வீங்கிக் கெடக்கு மாமா. வெறகு நான் தரேன்.”

தர்மகர்த்தா நிறம் மாறாத கண்ணாடிக் குழாயை வாங்கிப் பார்த்தார். பிறகு, “சரி, அடுப்ப மூட்டுங்கடி” என்றார்.

தண்ணீர் கொதித்து ஆறுவதற்குள் மதியமாகிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டட்டும் என்று அண்டா பக்கத்திலேயே நின்றேன். ஒருவர் அவசரத்தில் குழாய்த் தண்ணீரோடு ஓடிவந்தார். குடத்தைப் பிடுங்கிக் கீழே கொட்டினேன்.

அடுத்த பத்து நாளும் வீடு வீடாகப் போய், “வயித்தால போவுதா?” என்று கேட்டேன். யாருக்கும் ஒன்றுமில்லை. “இன்னா சிஸ்டர், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலன்னு வருத்தமா?” என்று ஒருத்தி கேலி செய்தாள். வராத நோய்க்கு யாரும் மாலை போட மாட்டார்கள். ஆனால் அந்தப் பத்து நாளும் நான் தலை நிமிர்ந்துதான் தெருவில் நடந்தேன்.

பத்தாம் நாள் சாம்பிள் முடிவு வந்தது. அந்த லைன் தண்ணீரில் காலராக் கிருமி. தர்மகர்த்தாவின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

“அன்னிக்கு எம் பேத்தி ரெண்டு சொம்பு கூழு குடிச்சா சிஸ்டர்” என்றார்.