உப்பைத் தாங்காத எவர்சில்வர்

எலுமிச்சை ஊறுகாய் போட்டு விற்பதுதான் எங்கள் பிழைப்பு. பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகும் மகள், பாட்டில்களை ஒரு விடுதிச் சமையல்கட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். போன வருஷம் அவர்கள் அளவைக் கூட்டிக் கேட்டார்கள். பிளாஸ்டிக் டிரம் வேண்டாம், எவர்சில்வர் தொட்டியில்தான் ஊறவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அங்கே ஆரம்பித்தது என் தலைவலி.

மைசூர் மைன்ஸ் என்ற பழைய தங்கச் சுரங்கத்தின் பக்கம், தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம். இரும்போ எவர்சில்வரோ எது வாங்கினாலும், மைன்ஸில் வேலை பார்த்த ஓர் ஆளை முன்னால் விட்டுத்தான் கடைக்குப் போவோம். மைன்ஸ் மூடி இவ்வளவு காலமாகியும் அது மாறவில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆள் என் கொழுந்தனார், ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போதே சட்டைப் பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டார்.

கடையில் இரண்டு தொட்டி இருந்தது. எவர்சில்வரில் ஒன்று த்ரீ நாட் ஃபோர் ரகம், இன்னொன்று டூ நாட் டூ ரகம் என்றார் கடைக்காரர். த்ரீ நாட் ஃபோரின் வளைந்த விளிம்பில் காந்தம் லேசாக ஒட்டியது. மற்றதில் எங்கே வைத்தாலும் வழுக்கி விழுந்தது.

"பாத்தீங்களா அண்ணி? இரும்பு கலந்தத நம்ம தலையில கட்டப் பாக்குறாரு. ஒட்டாததுதான் அசல்."

"அண்ணே, தகட்ட வளைக்கிற எடத்துல கொஞ்சம் இழுக்கும். அத வச்சு சொல்லக்கூடாது."

"யாருக்கு சொல்லித் தர்ற? ஷாஃப்ட்டுல ஆள எறக்குற கேஜையே பிரிச்சு மாட்டுனவன் நானு."

கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "இதுல இன்னா போட்டு வைக்கப் போறீங்கம்மா?" என்றார். ஆம்பிளைகள் பேசும் இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தனாரே, "அதெல்லாம் உனக்கு இன்னாத்துக்கு? பில்லப் போடு" என்று முடித்துவிட்டார். டூ நாட் டூ வீட்டுக்கு வந்தது.

உப்பும் பழமும் போட்டு வைத்த கொஞ்ச நாளிலேயே தொட்டியின் அடியில் பழுப்புப் புள்ளிகள். பிறகு புள்ளிகள் குழியாகி, ஊசி நுழைகிற ஓட்டையாகி, உப்புத்தண்ணீர் தரையில் கசிந்தது. ஊறுகாயில் துரு வாடை. அத்தனையையும் குழி தோண்டிக் கொட்டினேன். இன்னொரு தரம் சரக்கு தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று விடுதியில் மகளிடம் சொல்லியனுப்பினார்கள்.

மறுபடி அதே கடை, அதே கொழுந்தனார். வேண்டாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இந்தத் தரம், தூக்கிக்கொண்டு போன தொட்டியின் துருவையும் ஊறுகாய் வாடையையும் பார்த்ததும் கடைக்காரருக்கே விஷயம் புரிந்துவிட்டது.

"உப்பும் எலுமிச்சச் சாறும் மாசக்கணக்குல நிக்கும்னா த்ரீ நாட் ஃபோரே பத்தாதும்மா. த்ரீ சிக்ஸ்டீன் வேணும். அதுல மாலிப்டினம்னு ஒண்ணு சேக்குறாங்க, அதான் உப்பத் தாங்கும்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார் கொழுந்தனார்.

"அன்னிக்குக் கேட்டேனே, எங்க சொல்ல வுட்டீங்க?"

கடைக்காரர் நீட்டிய த்ரீ சிக்ஸ்டீன் துண்டுத் தகட்டில் கொழுந்தனார் காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. "பழைய தொட்டியிலயும் ஒட்டல, இதுலயும் ஒட்டல. அப்ப ரெண்டும் ஒண்ணுதான? இன்னாத்துக்கு வெல கூட?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடைக்காரர் பொறுமையாக ஒரு சொட்டு மருந்தைத் தகட்டில் விட்டு, பேட்டரி ஒயரால் தொட்டார். சொட்டின் நிறம் மாறியது; மாலிப்டினம் இருந்தால்தான் அப்படி மாறுமாம். த்ரீ நாட் ஃபோர் தொட்டியில் அதே சொட்டு அப்படியே இருந்தது.

"சர்க்கஸ் காட்டுறியா? ஒட்டாதத வாங்கலாம் அண்ணி, அந்த டூ நாட் டூவுலயே கொஞ்சம் கனமா."

"த்ரீ சிக்ஸ்டீன்லயே செஞ்சிடுங்க" என்றேன்.

"இன்னாம்மா சொன்னீங்க?" கடைக்காரருக்குக் கேட்கவில்லை. முகமெல்லாம் சூடாக, மறுபடியும் சொன்னேன். கொழுந்தனார் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அதன் பிறகுதான் கடைக்காரர் சொல்கிறார், தொட்டி செய்கிற அளவுக்கு அந்தத் தகடு இங்கே கிடைக்காதாம். பெங்களூரிலிருந்து வரவழைத்து வெல்டிங் வைக்க வேண்டுமாம். எலுமிச்சை மலிவாக வருகிற நேரம் அதற்குள் போய்விடும்.

தகடு இன்னும் வரவில்லை. கொழுந்தனார் எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறார், உள்ளே வருவதில்லை. விடுதிக்கு இப்போது வேறு யாரோ ஊறுகாய் கொடுக்கிறார்கள். தொட்டி வந்ததும் திரும்பப் போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன் மகளிடம்.